ஒரு வட்டாரத்துக்கென டார்டன் வடிவமைத்து அங்கீகாரம் பெறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நிறப் பட்டைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக் கட்டங்களாக விழும் துணிதான் டார்டன். அந்தப் பெயரைக் கேட்டதும் ஸ்காட்லாந்தின் குலங்கள்தான் பலர் நினைவுக்கு வரும். ஆனால் குலத்துக்கு இருப்பதுபோலவே ஊருக்கும் மாவட்டத்துக்கும் மாகாணத்துக்கும் டார்டன் உண்டு. எடின்பரோவுக்கு இருக்கிறது, அட்லாண்டிக்கைத் தாண்டிப் போனால் நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், ஆல்பர்ட்டா, ஒன்டாரியோ என்று கனடாவின் பெரும்பாலான மாகாணங்களுக்கும் இருக்கிறது. வட்டார டார்டனை அணிய எந்தக் குலத்திலும் பிறந்திருக்க வேண்டியதில்லை. அந்த மண்ணோடு ஒட்டுறவு இருந்தால் போதும்.

இந்த வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் குழப்பிக்கொள்வது பதிவையும் அங்கீகாரத்தையும்தான். எடின்பரோவில் உள்ள ஸ்காட்டிஷ் டார்டன் பதிவேடு உங்கள் வடிவத்தைக் குறித்துவைத்துக்கொள்ளும். அந்த வடிவம் எந்த ஊரின் அதிகாரபூர்வ டார்டன் என்று பதிவேடு தீர்ப்புச் சொல்லாது. அந்தத் தகுதியைத் தரக்கூடியது அந்த ஊரின் மன்றமோ மாகாணத்தின் சட்டமன்றமோ மட்டுமே. இரண்டும் வேறு வேறு கதவுகள். இரண்டையும் தட்ட வேண்டும், அதற்கும் முன்னால் துணி மக்கள் கைக்குப் போயிருக்க வேண்டும்.

நோவா ஸ்கோஷியாவில் நடந்த வரிசையைப் பாருங்கள். 1953இல் ட்ரூரோ நகரில் நடந்த வேளாண் கண்காட்சிக்காக, செம்மறி ஆடு வளர்ப்பின் வரலாற்றைச் சொல்லும் சுவர்ச்சித்திரம் ஒன்றை நெசவாளர் பெஸ்ஸி மரே உருவாக்கினார். அதிலிருந்த மேய்ப்பனுக்குக் கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் அணியும் மடிப்புப் பாவாடை) உடுத்த வேண்டியிருந்தது. ஏதாவது ஒரு குலத்தின் டார்டனைப் போட்டால் மற்றவர்கள் வருந்துவார்கள் என்று புதிதாக ஒன்றை நெய்தார். கடலுக்கு நீலம், பாறைக்கும் அலைநுரைக்கும் வெள்ளை, காட்டுக்கு இரு வகைப் பச்சை, அரச சாசனத்துக்குப் பொன்னிறம், மாகாணச் சின்னத்திலுள்ள சிங்கத்துக்குச் சிவப்பு. பார்த்தவர்கள் அந்தத் துணி எங்கே கிடைக்கும் என்று கேட்கத் தொடங்கினார்கள். 1956இல் ஸ்காட்லாந்தின் மரபுச் சின்னங்களைக் கவனிக்கும் லார்ட் லயன் நீதிமன்றத்தில் அது பதிவானது, 1963இல் மாகாணம் தனிச் சட்டமே இயற்றியது. ஒன்டாரியோவின் டார்டன் 1965இல் உருவாகி 2000த்தில்தான் சட்டமானது. டேவிட் வைசர் 1964இல் வடிவமைத்த மேப்பிள் இலை டார்டன், கனடாவின் அதிகாரபூர்வச் சின்னமானது 2011 மார்ச்சில். மூன்றிலும் துணி முன்னால் போயிருக்கிறது, சட்டம் பின்னால் வந்திருக்கிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க நினைக்காதீர்கள்.

1. குழுவும் ஒப்புதலும்

தனி ஆளாக வடிவமைத்துவிட்டு ஊரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், 'எங்களை யார் கேட்டார்கள்?' என்ற கேள்விதான் முதலில் வரும். வரலாற்றுச் சங்கம், பேக்பைப் (பையில் காற்றடைத்து வாசிக்கும் இசைக்கருவி) குழு, நெசவாளர் ஒருவர், மன்ற உறுப்பினர் ஒருவர் என்று நாலைந்து பேர் போதும். நெசவு தெரிந்தவர் கட்டாயம் இருக்க வேண்டும். தொடக்கத்திலேயே மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதி, 'இப்படி ஒரு முயற்சி நடக்கிறது, ஊரின் பெயரைப் பயன்படுத்த ஆட்சேபணை இல்லை' என்று எழுத்தில் வாங்கிவையுங்கள். பதிவேட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, கேட்கும் பெயருக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்று காட்டியாக வேண்டும். அங்கே இந்தக் கடிதம்தான் கைகொடுக்கும்.

போட்டி வைத்துத் தேர்ந்தெடுப்பதும் நல்ல வழி. பிரின்ஸ் எட்வர்ட் தீவின் டார்டன் 1960இல் அப்படித்தான் கிடைத்தது, கோவ்ஹெட்டைச் சேர்ந்த ஜீன் ரீடின் வடிவம் அது. போட்டி வைத்தால், வெற்றி பெறும் வடிவத்தின் உரிமை யாருக்கு என்பதை விதிமுறையிலேயே எழுதிவிடுங்கள். பரிசு கொடுத்தபின் உரிமையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நட்பும் போகும், துணியும் நின்றுபோகும்.

2. நிறங்களைத் தேர்வது

டார்டனால் படம் வரைய முடியாது. கோட்டையோ மீனோ மலரோ அதில் வராது. நிறமும் பட்டையின் அகலமும் வரிசையும்தான் அதன் மொழி. நியூ பிரன்ஸ்விக்கின் 1959ஆம் ஆண்டு டார்டனில் உள்ள பீவர் பழுப்பு, அதைச் செய்யச் சொன்ன பீவர்புரூக் பிரபுவுக்கான மரியாதை. இப்படி ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரே வரியில் சொல்லக்கூடிய காரணம் இருக்கட்டும். விளக்க ஒரு பத்தி தேவைப்படும் நிறத்தை நீக்கிவிடலாம்.

எத்தனை நிறம்? நாலிலிருந்து ஆறு. பாவில் (நீளவாக்கு இழைகளில்) எந்த வரிசையில் நிறங்கள் ஓடுகின்றனவோ அதே வரிசையில்தான் ஊடையிலும் (குறுக்குவாக்கு இழைகளிலும்) ஓடும். நிறம் தன்னையே சந்திக்கும் இடத்தில் முழு நிறம், வேறொன்றைச் சந்திக்கும் இடத்தில் கலப்பு நிறம். 4 நிறம் எடுத்தால் 4 முழு நிறமும் 6 கலப்பும் சேர்ந்து 10 சாயல். 6 எடுத்தால் 21. 8 எடுத்தால் 36. முப்பத்தாறு சாயல் ஒரே துணியில் இருந்தால் பத்தடி தூரத்தில் கண்ணுக்குச் சேற்று நிறம்தான் தெரியும். ஊர்க்கூட்டத்தில் ஆளுக்கொரு நிறம் கேட்பார்கள், அங்கேதான் வடிவமைப்பாளர் உறுதியாக நிற்க வேண்டும். தறியிலும் ஊடைக்கு எடுக்கக்கூடிய நிறங்களுக்கு ஒரு வரம்பு உண்டு. நெசவு ஆலையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறத்தின் பெயரைவிட அதன் வெளிச்சம் முக்கியம். அடர் நீலமும் அடர் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் இரண்டும் ஒன்றாகக் கரைந்துபோகும். திரையில் உள்ள படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பட்டைகள் தனித்தனியாகத் தெரியவில்லை என்றால் நடுவில் ஒரு வெளிர் கோடோ கருப்புக் கோடோ தேவை.

3. இழைக்கணக்கு எழுதுவது

எந்த நிறத்தில் எத்தனை இழை, எந்த வரிசையில் என்ற பட்டியல்தான் இழைக்கணக்கு. எல்லாம் இங்கேதான் நிலைக்கிறது. படம் மங்கலாம், திரைக்குத் திரை நிறம் மாறலாம். இழைக்கணக்கு சரியாக இருந்தால் நூறு ஆண்டு கழித்தும் அதே துணியை நெய்ய முடியும்.

டார்டனில் திரும்பத் திரும்ப வரும் முழு அமைப்புக்கு 'செட்' என்று பெயர். பெரும்பாலான செட்டுகள் சமச்சீரானவை. ஒரு பட்டையில் தொடங்கி இன்னொரு பட்டை வரை போகும், அங்கிருந்து அதே வரிசையில் திரும்பி வரும். இரு முனைகளிலும் உள்ள இந்தத் திரும்பும் பட்டைகளை மட்டும் சாய்கோடு போட்டுக் குறிப்பார்கள். நிறங்களுக்கு ஆங்கில எழுத்துகள் உண்டு: நீலத்துக்கு பி, கருப்புக்கு கே, சிவப்புக்கு ஆர் என்று. இங்கே நிறப்பெயரையே எழுதுகிறோம். ஒரு கடலோர மாவட்டத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம்:

நீலம்/32, வெள்ளை 4, நீலம் 8, சாம்பல் 24, பச்சை 28, மஞ்சள்/4

முனைப் பட்டைகள் ஒரு செட்டில் ஒருமுறைதான் வரும், நடுவில் உள்ளவை போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை. ஆகவே 32ம் 4ம் சேர்ந்து 36. நடுவில் உள்ள 64ஐ இரட்டித்தால் 128. மொத்தம் 164 இழை.

தவறு நடக்கும் இடம் இதுதான். முனைப் பட்டைகளை முழு எண்ணாக எழுதும் முறை ஒன்று, பாதி எண்ணாக எழுதும் முறை இன்னொன்று. இரண்டாவது முறையில் மேலே உள்ள வடிவம் நீலம்/16, மஞ்சள்/2 என்று வரும். முழு எண்ணில் எழுதிக் கொடுத்ததை ஆலை பாதி எண் என்று எடுத்துக்கொண்டால் நீலம் 64 ஆகும், மஞ்சள் 8 ஆகும், செட் 200 இழைக்கு வீங்கும். மெல்லிய மஞ்சள் கோடு பட்டையாகிவிடும். எனவே இழைக்கணக்குக்குக் கீழே 'முனைகளில் முழு எண்' என்றும், 'முழு செட் 164 இழை' என்றும் எழுதாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். கூட்டுத்தொகை இருந்தால் படிப்பவர் தானே சரிபார்த்துக்கொள்வார்.

எண்கள் எல்லாம் இரட்டைப்படையில் இருக்கட்டும். மாவட்டத்தில் 13 ஊர்கள் இருக்கின்றன, அதனால் 13 இழை வைப்போம் என்று குழுவில் யாராவது சொல்வார்கள். ஒற்றைப்படை எண் பாவு ஓட்டுபவருக்குத் தொல்லை, அளவைப் பெரிதாக்கும்போதும் சிறிதாக்கும்போதும் உடையும். 26 என்று வைத்து, முனையின் இரு பக்கமும் பதின்மூன்று என்று சொல்லிக்கொள்ளலாம்.

மெல்லிய கோட்டுக்கு 2 இழை போதும் என்று திரையில் தோன்றும். துணியில் அது கோடாக நிற்காது, புள்ளி புள்ளியாக உடைந்து தெரியும். குறைந்தது 4 வையுங்கள்.

4. செட்டின் அளவு

கில்ட்டுக்கு ஏற்ற செட் ஏறக்குறைய 5 முதல் 7 அங்குலம். அங்குலத்துக்கு 40 இழை வரும் கனமான துணியில் நம் 164 இழை செட் 4 அங்குலத்தைச் சற்றே தாண்டும். உடுத்தினால் நெருக்கமாக, படபடவென்று தெரியும். எல்லா எண்ணையும் ஒன்றரை மடங்காக்குங்கள்: நீலம்/48, வெள்ளை 6, நீலம் 12, சாம்பல் 36, பச்சை 42, மஞ்சள்/6. மொத்தம் 246 இழை, 6 அங்குலத்துக்குச் சற்று மேல். விகிதம் மாறவில்லை, எண்கள் இன்னும் இரட்டைப்படை.

கழுத்துப் பட்டையின் அகலமான இடமே மூன்றரை அங்குலம்தான். கில்ட் துணியில் டை தைத்தால் செட் முழுதாக விழாது, உங்கள் மஞ்சள் கோடு யாருடைய டையில் வரும் என்று சொல்ல முடியாது. மெல்லிய நூலில் நெய்தால் இது தானாகத் தீரும். அங்குலத்துக்கு 100 இழை வரும் பட்டில் அதே 246 இழை இரண்டரை அங்குலத்துக்குள் அடங்கும்.

5. மாதிரித் துணி

நம் லுங்கி சாதா நெசவு. டார்டன் அப்படியல்ல, ஊடை இரண்டு பாவு இழைக்கு மேல், இரண்டுக்குக் கீழ் என்று போய், ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் இழை தள்ளும். அதனால் ஜீன்ஸ் துணியில் தெரிவதுபோன்ற சாய்வரி விழும். கலப்பு நிறக் கட்டங்களுக்கு உயிர் கொடுப்பது இந்தச் சாய்வரிதான். சாதா நெசவில் மாதிரி நெய்து குழுவிடம் காட்டினால் அவர்கள் பார்ப்பது வேறொரு துணியை.

ஆலைக்குப் போவதற்கு முன்போ பின்போ, கையால் நெய்த மாதிரி ஒன்று கட்டாயம் வேண்டும். இரு திசையிலும் இரண்டு முழு செட் தெரியுமளவு, அதாவது நம் வடிவத்துக்கு 13 அங்குலச் சதுரம். அதற்குக் குறைந்தால் மாதிரி திரும்புவது தெரியாது.

மாதிரி கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று. துணியை மூலைக்கு மூலை குறுக்காக மடியுங்கள். பாவுப் பட்டையும் ஊடைப் பட்டையும் மடிப்பில் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்த வேண்டும். பொருந்தாமல் விலகினால், பாவின் நெருக்கமும் ஊடையின் நெருக்கமும் ஒன்றல்ல என்று பொருள். ஊடையைக் குறைவாக அடித்திருந்தால் கட்டங்கள் நீளும், அதிகமாக அடித்திருந்தால் சப்பையாகும். தறியில் இருக்கும்போது அளந்து திருப்திப்படாதீர்கள். துவைத்துப் பதப்படுத்தியதும் கம்பளி சுருங்கும், இரு திசையிலும் ஒரே அளவு சுருங்கும் என்ற உறுதி கிடையாது. முடிந்த துணியில்தான் அளக்க வேண்டும்.

பிறகு பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, கடை விளக்கில் ஒருமுறை, கைக்கெட்டும் தூரத்தில், பத்தடி தள்ளி என்று பாருங்கள். இரண்டு சாம்பல் நூல்கள் வெயிலில் ஒன்றுபோல் தெரிந்து விளக்கடியில் ஒன்று பச்சையாகத் திரும்புவது உண்டு. திரையின் நிறக்குறியீட்டை ஆலைக்கு அனுப்பி 'இதே நிறம் வேண்டும்' என்று கேட்பதில் பயனில்லை. ஆலையின் நூல் அட்டையை வரவழைத்து அதிலிருந்து தேர்ந்தெடுங்கள். தனியாகச் சாயம் போடச் சொன்னால் செலவு ஏறும், அடுத்த சாயத் தொகுதியில் அதே நிறம் வருமா என்ற கவலையும் சேரும்.

எடையையும் அப்போதே முடிவு செய்யலாம். கெஜம் ஒன்றுக்கு, கில்ட்டுக்கு 13 அல்லது 16 அவுன்ஸ், சால்வைக்கும் பாவாடைக்கும் 10 அவுன்ஸ் அளவு. மரபான கில்ட்டுக்கு ஒற்றை அகலத்தில் 8 கெஜம் துணி போகும். இரட்டை அகலத் துணியை நடுவில் வெட்டினால் 4 கெஜம். கில்ட்டின் கீழ் விளிம்பை மடித்துத் தைப்பதில்லை. துணியின் கரையே விளிம்பு. அதனால் கில்ட்டுக்கான துணி என்று ஆலையிடம் தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் முரட்டுக் கரையோடு வரும், தையல்காரர் திருப்பி அனுப்பிவிடுவார்.

6. உரிமை

பதிவேட்டில் ஏற்றினால் வடிவத்தின் உரிமை பாதுகாக்கப்பட்டுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. பதிவு என்பது குறித்துவைத்தல், அவ்வளவே. பிறர் நகலெடுப்பதைத் தடுக்க வேண்டுமானால், பிரிட்டனின் அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தில் வடிவமைப்பாகத் தனியே பதிய வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து 25 ஆண்டு வரை நீட்டிக்கலாம். வடிவத்தை முதன்முதலில் வெளியே காட்டிய நாளிலிருந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். விழாவில் வெளியிட்டு இரண்டு ஆண்டு கழித்து நினைவு வந்தால் காலம் கடந்துவிட்டது.

வட்டார டார்டனுக்கு இந்தக் கட்டுப்பாடு தேவையா என்று முதலில் யோசியுங்கள். யாரும் நெய்யலாம், யாரும் அணியலாம் என்று விட்டுவிட்டால் துணி வேகமாகப் பரவும். உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு அனுமதிக் கட்டணம் வாங்கினால் ஊருக்குச் சிறு வருமானம் வரும், ஆனால் அனுமதிக் கடிதம் எழுத ஒருவர் எப்போதும் இருந்தாக வேண்டும். எங்கள் பார்வையில் ஊரின் துணிக்கு முதல் வழியே பொருந்தும். எப்படியானாலும் உரிமை ஒரு நபரின் பெயரில் இருக்கக் கூடாது. சங்கத்துக்கோ மன்றத்துக்கோ எழுத்தில் மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். வடிவமைப்பாளரின் பெயர் பதிவில் என்றும் நிற்கும், அதற்கு எந்தக் குறையும் வராது.

7. ஸ்காட்டிஷ் டார்டன் பதிவேடு

ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவாகி, 2009 பிப்ரவரியில் திறக்கப்பட்டது இந்தப் பதிவேடு. ஸ்காட்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் இதை நடத்துகிறது. உலகின் எந்த மூலையிலிருந்தும் இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். கட்டணம் 70 பவுண்டு. பதிவு கட்டாயமல்ல, பதியாத டார்டனும் டார்டன்தான். ஆனாலும் வட்டார டார்டன் என்றால் பதிந்துவிடுவதே நல்லது. மன்றத்தில் தீர்மானம் கொண்டுவரும்போது பதிவு எண் ஒன்றைக் காட்ட முடியும்.

விண்ணப்பத்தில் கேட்கப்படுபவை: டார்டனின் பெயர், வகை (உங்களுக்கு 'மாவட்டம்'), வடிவமைப்பாளர், இழைக்கணக்கு, வண்ணப் படம், பெயரோடு உங்களுக்குள்ள தொடர்பு, வடிவத்தின் விளக்கம். நெய்த மாதிரி கட்டாயமில்லை, இருந்தாலும் அனுப்புங்கள். காப்பகத்தில் பத்திரமாக இருக்கும் அந்த ஒரு துண்டு, பின்னாளில் எழும் எல்லாச் சந்தேகத்தையும் தீர்க்கும்.

விண்ணப்பங்கள் சிக்குவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, வடிவம் ஏற்கெனவே உள்ள ஒன்றை ஒத்திருப்பது. பச்சையை வெளிர் பச்சையாக்கியதாலோ 24ஐ 26ஆக்கியதாலோ அது புதிய வடிவமாகிவிடாது. பதிவேட்டைக் கட்டணமின்றித் தேடலாம், நிறத்தை வைத்தும் பெயரை வைத்தும் முன்பே தேடிப் பாருங்கள். நீலம், பச்சை, கருப்பு மூன்றும் சேர்ந்த வடிவங்கள் அங்கே ஏராளம், அந்த வழியில் போனால் மோதல் நிச்சயம். மற்றொன்று பெயர். ஊரின் பெயரும் குலத்தின் பெயரும் ஒன்றாக இருந்தால் குழப்பம் வரும், குலத் தலைவரின் சம்மதம் வரை போக நேரலாம். ஊர்ப் பெயரோடு 'மாவட்டம்' என்று சேர்ப்பது எளிய தீர்வு.

விளக்கப் பகுதியைச் சுருக்கமாக எழுதுங்கள். எந்த நிறம் எதைக் குறிக்கிறது, யார் கேட்டு யார் வடிவமைத்தது, யார் அணியலாம். அவ்வளவு போதும். பதிந்தபின் இழைக்கணக்கைத் திருத்திக்கொள்ளலாம் என்ற நினைப்பில் அனுப்பாதீர்கள். மாதிரித் துணியைக் கையில் வைத்து, பட்டை பட்டையாக எண்ணிச் சரிபார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

8. மன்றத் தீர்மானமும் சட்டமும்

சிறிய ஊர் என்றால் உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானம் போதும். மாகாணம் என்றால் சட்டம் வேண்டியிருக்கும். ஒன்டாரியோவில் பில் மர்டாக் என்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதாதான் 2000ஆம் ஆண்டின் டார்டன் சட்டமானது. ஒரு உறுப்பினரின் ஆர்வம் போதும் என்பதற்கு அது சான்று. அவரிடம் போகும்போது வெறும் படத்தோடு போகாதீர்கள். துணியையே மேசையில் விரியுங்கள். கூடவே பதிவுச் சான்று, பள்ளிகளும் பேக்பைப் குழுக்களும் எழுதிய ஆதரவுக் கடிதங்கள், துணி எங்கே கிடைக்கும் என்ற தகவல்.

தீர்மான வாசகத்தில் டார்டனின் பெயர், பதிவு எண், முழு இழைக்கணக்கு, முனைகளில் முழு எண்ணா பாதியா என்ற குறிப்பு, நிறங்களின் பெயர்கள், மூல மாதிரி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது எல்லாம் வர வேண்டும். ஒரு குறிப்பிட்ட ஆலையின் நூல் எண்ணைச் சட்டத்தில் எழுதிவிடாதீர்கள். ஆலை மூடப்படலாம், அந்தச் சாயல் நின்றுபோகலாம், அப்போது சட்டப்படி சரியான துணியை யாராலும் நெய்ய முடியாமல் போகும். 'அடர் நீலம்' என்று பெயரில் எழுதி, மூல மாதிரியைச் சுட்டுவதே நீண்ட நாள் நிற்கும்.

9. நெய்து வைப்பது

அறிவிப்பு வந்த வாரத்தில்தான் கேட்பார்கள். அப்போது துணி இல்லையென்றால் ஆர்வம் ஆறிவிடும். ஆகவே முதல் நெசவுக்கான பணத்தை அதற்கு முன்பே திரட்டுங்கள். ஆலைகள் சிறப்பு நெசவுக்குக் குறைந்தபட்ச நீளம் ஒன்றை வைத்திருக்கும், பாவு ஓட்டும் கூலி பத்து மீட்டருக்கும் ஐம்பது மீட்டருக்கும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் முன்பதிவு வாங்கி ஒரே நெசவாக நெய்தால் மீட்டர் விலை இறங்கும். கில்ட் வாங்குபவர் சிலரே இருப்பார்கள். சால்வை, டை, குழந்தைக்கான போர்வை ஆகியவைதான் துணியை ஊருக்குள் கொண்டுபோகும்.

முதல் நெசவிலிருந்து ஒரு மீட்டரை வெட்டி மூன்றாக்குங்கள். ஒன்று மன்றத்துக்கு, ஒன்று ஊர் அருங்காட்சியகத்துக்கு, ஒன்று சங்கத்துக்கு. மூன்றையும் வெளிச்சம் படாத பெட்டியில், அமிலமில்லாத தாளில் சுற்றி, அந்துப்பூச்சி அண்டாமல் வையுங்கள். ஒவ்வொன்றோடும் பயன்படுத்திய நூலில் நிறத்துக்கு ஒரு சிறு சிட்டமும், இழைக்கணக்கும் ஆலைக் குறிப்புகளும் எழுதிய அட்டையும் இருக்கட்டும். அடுத்த ஆலைக்கு நிறம் ஒப்பிட அனுப்ப வேண்டியது இந்தச் சிட்டத்தைத்தான், காட்சியில் வைத்து வெயிலில் வெளுத்த துணியை அல்ல.